படப்பையில் ‘போடு’: ஓர் அன்றாட வினைச்சொல்லின் பொருளும் புழக்கமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் ஒரு காப்பியத்தையோ ஒரு புலவரையோ எடுத்துக்கொண்டு பேசுவது வழக்கம். நான் ஒரே ஒரு வினைச்சொல்லை எடுத்துக்கொள்கிறேன். இரண்டே எழுத்து: போடு. காலையில் கோலம் போடுவதில் தொடங்கி இரவில் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது வரை நம்மோடு நடமாடும் சொல் இது. ஆனால் இதைப் பற்றி எந்த மேடையிலும் யாரும் பேசுவதில்லை. அந்தக் குறையை இன்று கொஞ்சம் போக்க நினைக்கிறேன்.

ஆங்கிலேயர் தங்கள் சின்ன வினைச்சொற்களை எப்படி மதிக்கிறார்கள் என்று பாருங்கள். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 1989-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்ற வினைக்கு 430 பொருள்கள் பிரித்துக் காட்டப்பட்டன. பிறகு அந்த அகராதியைத் திருத்தியபோது ‘ரன்’ அதை முந்தியது. அந்த ஒரு வினைக்கு மட்டும் 645 பொருள்கள். பீட்டர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியர் ‘ரன்’ என்ற ஒரே சொல்லோடு ஒன்பது மாதங்கள் உட்கார்ந்திருந்தார். ஒரு மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஒரு அறிஞரின் ஒன்பது மாத உழைப்பைச் செலவிடலாம் என்று ஒரு சமூகம் முடிவு செய்திருக்கிறது. நம்முடைய ‘போடு’வுக்கும் ‘விடு’வுக்கும் ‘அடி’க்கும் ‘கட்டு’க்கும் அந்த உழைப்பில் ஒரு பங்காவது கிடைக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். ஏன் என்பதை இந்த ஊரின் தெருவிலிருந்தே விளக்குகிறேன்.

1. நெல்லும் பிளாட்டும்

‘படப்பை’ என்பது சங்க இலக்கியத்தில் வரும் சொல். ஊரையும் வீட்டையும் ஒட்டிய தோட்டத்தை அது குறிக்கும். இன்று வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் வருகிறவர் கண்ணில் முதலில் படுவது மனைப்பிரிவு விளம்பரப் பலகைகள். இந்த மாற்றத்தை இந்தப் பக்கத்து மக்கள் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள்: “நெல்லு போட்ட இடத்துல பிளாட் போட்டுட்டாங்க.”

இந்த வரியை நின்று கவனியுங்கள். நெல்லுக்கும் போடு, பிளாட்டுக்கும் போடு. பெயர்ச்சொல் மாறிவிட்டது, வினைச்சொல் அப்படியே நிற்கிறது. உழவர் வீட்டில் விதை போட்டார்கள், உரம் போட்டார்கள், எரு போட்டார்கள், வைக்கோலைப் போராகப் போட்டார்கள், மாட்டுக்குத் தீவனம் போட்டார்கள். நிலம் கைமாறியதும் வேலி போட்டார்கள், கல் போட்டார்கள், ரோடு போட்டார்கள், போர் போட்டார்கள். மனை வாங்கியவர் அஸ்திவாரம் போட்டார், தளம் போட்டார், கையில் காசு சேர்ந்ததும் மேலே ஒரு மாடி போட்டார். ஒரு வட்டாரத்தின் ஐம்பது ஆண்டு மாற்றத்தை ஒரே வினை தன் தோளில் சுமந்து வந்திருக்கிறது. புதிய தொழில் வந்தது, புதிய பொருள் வந்தது. புதிய வினை மட்டும் தேவைப்படவில்லை.

பக்கத்து ஒரகடத்துக்குப் போவோம். 2010-இல் ரெனோ–நிசான், 2012-இல் டைம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்டு என்று அங்கே வரிசையாகத் தொழிற்சாலைகள் உற்பத்தியைத் தொடங்கின. அங்கு வேலை பார்க்கும் பிள்ளைகளின் பேச்சைக் கேளுங்கள். “இந்த வாரம் எனக்கு நைட் போட்டுட்டாங்க.” “நேத்து ஓ.டி. போட்டேன்.” “நாளைக்கு லீவு போடணும்.” “புது ஆளை என் லைன்ல போட்டிருக்காங்க.” ஷிஃப்ட் பட்டியல் தமிழ்நாட்டுக்கு வெளியிலிருந்து வந்த ஒழுங்கு. மிகைநேரம் என்ற ஏற்பாடும் அப்படித்தான். ஆனால் அவை தமிழ் வாக்கியத்துக்குள் வந்ததும் நம் வினையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கின்றன.

மாதக் கடைசியில் அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது: “சம்பளம் போட்டாச்சா?” முன்பு இதே கேள்வி “சம்பளம் கொடுத்தாச்சா?” என்று இருந்தது. அன்று மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்திருப்பார், இந்தப் பக்கம் வரிசை நிற்கும், உறை கைமாறும். கை இருந்தது, அதனால் ‘கொடு’ இருந்தது. இன்று பணம் வங்கிக் கணக்கில் விழுகிறது. கொடுக்கும் கையும் இல்லை, வாங்கும் கையும் இல்லை. மக்கள் யாரையும் கேட்காமல், எந்தக் குழுவும் கூடாமல், வினையை மாற்றிக்கொண்டார்கள். இது மிக நுட்பமான ஒரு மொழிச் செயல். ஒரு பொருளாதார மாற்றம் வினைச்சொல்லில் பதிவாகியிருக்கிறது.

2. இடுவும் போடுவும்

இந்த வினை எங்கிருந்து வந்தது? சங்கப் பாடல்களில் இந்த வேலைகளைச் செய்துகொண்டிருந்த சொல் ‘இடு’. ‘போகடு’ என்று ஒரு பழைய வடிவம் இருந்தது. போகச் செய், தள்ளிவிடு, எறிந்துவிடு என்பது அதன் பொருள். வைணவ உரையாசிரியர்களின் உரைநடையில் ‘போகட்டு’ என்ற வடிவத்தைப் பார்க்கலாம். இந்தப் போகடுவே சுருங்கிப் போடு ஆனது என்பது சொல்லாய்வாளர் கொள்கை. அதாவது ‘போ’ என்ற வினைக்குப் பிறந்த பிள்ளை ‘போடு’. தானாகப் போவது ‘போ’. கையிலிருந்து போக விடுவது ‘போடு’.

ஆங்கிலத்தில் இதற்கு நெருங்கிய உறவுக்காரர் ‘புட்’. அதன் வரலாறும் வியப்பானது. பழைய ஆங்கிலத்தில் தள்ளு, உந்து என்ற பொருளில் தொடங்கிய சொல் அது. குண்டு எறிதல் போட்டிக்கு அவர்கள் இன்றும் ‘ஷாட் புட்’ என்று சொல்வதில் அந்தப் பழைய பொருள் தங்கியிருக்கிறது. நாமும் ‘குண்டு போடுதல்’ என்கிறோம். தொடர்பே இல்லாத இரண்டு மொழிக் குடும்பங்களில், எறிவதற்கு இருந்த ஒரு சொல் வைப்பதற்கான சொல்லாக வளர்ந்து, அங்கிருந்து நூறு திசையில் கிளைத்திருக்கிறது. மனிதர் கைகளின் வேலை எங்கும் ஒன்றாக இருப்பதால், மொழிகளும் ஒரே பாதையில் நடந்திருக்கின்றன.

போடு வளர வளர இடு பின்வாங்கியது. ஆனால் அழிந்துவிடவில்லை. எழுத்து மொழியில் கோலமிட்டாள், கையொப்பமிட்டார், உரமிட்டனர் என்று எழுதுகிறோம். பேச்சில் கோலம் போட்டாள், கையெழுத்துப் போட்டார், உரம் போட்டாங்க. சில இடங்களில் இடு மட்டுமே நிற்கிறது. ஆணையிட்டார் என்போம், ‘ஆணை போட்டார்’ என்று எழுதத் தயங்குவோம். ஆனால் அரசாணை என்று வரும்போது, ‘ஜி.ஓ. போட்டாங்க’ என்பதுதான் அலுவலகத்துப் பேச்சு. சில இடங்களில் போடு மட்டுமே நிற்கிறது. சட்டை போட்டான், டீ போட்டான், லீவு போட்டான்.

பள்ளியில் ‘கையெழுத்துப் போட்டான்’ என்று எழுதும் பிள்ளையின் தாளில் சிவப்பு மையால் திருத்துகிறவர்கள் உண்டு. ‘போடு’ கொச்சை, ‘இடு’ செந்தமிழ் என்ற எண்ணம் அவர்களுக்கு. நான் அதை ஏற்கவில்லை. இரண்டும் தமிழ்தான். ஒன்று மூத்தது, ஒன்று இளையது. எங்கே எது பொருந்தும் என்று சொல்லிக்கொடுப்பது ஆசிரியர் வேலை. பிள்ளையின் வாயில் உயிரோடு இருக்கும் ஒரு சொல்லுக்காக அந்தப் பிள்ளையை வெட்கப்பட வைப்பது ஆசிரியர் வேலை அல்ல.

3. பொருள் எங்கே இருக்கிறது?

இவ்வளவு வேலை பார்க்கும் ஒரு சொல்லின் பொருள் நமக்கு எப்படிக் குழப்பமில்லாமல் புரிகிறது? இதற்கு விடையைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்திலேயே வைத்திருக்கிறார். பல பொருள் குறிக்கும் ஒரு சொல்லின் பொருளைத் தெளிவாக்குபவை மூன்று என்கிறார்: அதனோடு வரும் வினை, அதனோடு சேர்த்துச் சொல்லப்படும் இனம், அது வரும் சார்பு. ‘மா’ என்று மட்டும் சொன்னால் அது மரமா, விலங்கா என்று தெரியாது. ‘மா பூத்தது’ என்றால் மரம். ‘மா ஓடியது’ என்றால் விலங்கு. பிரிட்டனில் ஜே. ஆர். ஃபர்த் 1957-இல், ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளைக் கொண்டே அறிய வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். உலக மொழியியல் அதைப் பெரிதாகக் கொண்டாடியது. அதே திசையில் நம் இலக்கணம் எத்தனையோ நூற்றாண்டுகள் முன்னமே நடந்திருக்கிறது என்பதை மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

தொல்காப்பியர் வினையால் பெயர் தெளிவதைக் காட்டினார். அதே வழியில் பெயரால் வினை தெளிவதையும் நாம் பார்க்கலாம். முட்டை போட்டால் கோழி. ஊசி போட்டால் செவிலியர். ஓட்டுப் போட்டால் குடிமகன். கணக்குப் போட்டால் மாணவன்; அதே கணக்கை மனசுக்குள் போட்டால் அவன் வேறு ஏதோ திட்டமிடுகிறான். டீக்கடையில் “ரெண்டு டீ போடுங்க” என்றால் யாரும் டீயைக் கீழே போடுவதில்லை. பால் காய்ச்சி, டிகாஷன் இறக்கி, சர்க்கரை கலந்து, ஆற்றித் தருவது வரை மாஸ்டர் செய்யும் அத்தனை வேலையும் அந்த ஒரு ‘போடு’வுக்குள் அடங்கியிருக்கிறது. தோசையைச் சுடலாம், ஊற்றலாம். வடையைச் சுடலாம், போடலாம், ஆனால் ஊற்ற முடியாது. இந்த விதியை எந்தப் புத்தகமும் நமக்குச் சொல்லித்தரவில்லை. நாம் எல்லோரும் பிழையில்லாமல் பின்பற்றுகிறோம்.

பெயர் மட்டுமல்ல, உருபும் பொருளைத் தீர்மானிக்கிறது. ‘அவனுக்குப் போடு’ என்றால் சோறு. ‘அவன்மேல் போடு’ என்றால் பழி அல்லது வழக்கு. ‘அவனைப் போடு’ என்றால் ஒன்று அணியில் சேர், இல்லையென்றால் கொலை. நான்காம் வேற்றுமையும் ஏழாம் வேற்றுமையும் இரண்டாம் வேற்றுமையும் சேர்ந்து ஒரே வினையை விருந்தோம்பலிலிருந்து குற்றச்செயல் வரை கொண்டுபோய்விடுகின்றன. வேற்றுமை உருபைப் பட்டியலாக மனப்பாடம் செய்யவைக்கும் வகுப்பில், இந்த மூன்று வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். உருபின் வலிமை என்ன என்பது பிள்ளைகளுக்கு அன்றைக்கே விளங்கிவிடும்.

தொல்காப்பியர் அன்றாட வினைகளை எவ்வளவு கூர்ந்து பார்த்தார் என்பதற்கு இன்னொரு சான்று சொல்கிறேன். ஈ, தா, கொடு என்ற மூன்று வினைகளையும் அவர் பிரித்துக் காட்டுகிறார். தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் கேட்கும்போது ‘ஈ’. ஒத்தவரிடம் கேட்கும்போது ‘தா’. உயர்ந்தவர் தமக்குக் கீழானவரிடம் கேட்கும்போது ‘கொடு’. இன்னோரிடத்தில், தா, வா என்ற வினைகள் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல், கொடு என்பவை படர்க்கைக்கு உரியவை என்கிறார். நமக்கு இந்த வேறுபாடு தளர்ந்துவிட்டது. “எனக்குக் கொடு” என்று தயக்கமில்லாமல் சொல்கிறோம். மலையாளத்தில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. எனக்கும் உனக்கும் ‘தரும்’, அவனுக்குக் ‘கொடுக்கும்’.

ஆகவே ஒரு வினையில் சமூக உறவும் பதிவாகிறது. போடுவையும் அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். ‘பிச்சை போடு’ என்பதில் போடுகிறவர் உயரத்தில் நிற்கிறார். ‘எனக்குச் சோறு போட்ட தொழில்’ என்று ஒருவர் சொல்லும்போது அதே வினையில் நன்றியும் மரியாதையும் நிறைகின்றன. ‘பெண்ணுக்கு எத்தனை பவுன் போட்டீங்க?’ என்று கல்யாண வீட்டில் கேட்பது வழக்கம். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இல் வந்தது. கேட்டது குற்றம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் நம் பேச்சில் ‘கேட்டார்கள்’ என்ற வினை வருவதே இல்லை. பெண் வீட்டார் ‘போட்டோம்’ என்கிறார்கள். தாமாக விரும்பிச் செய்தது போன்ற தோற்றத்தை அந்த வினை தந்துவிடுகிறது. கேட்டவர் வாக்கியத்திலிருந்து மறைந்துபோகிறார். ஒரு குற்றத்தை மறைத்துக்கொள்ளவும் இந்த எளிய வினை உதவுகிறது என்பதை நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். வினையைப் படிப்பது நம்மை நாமே படிப்பது என்று நான் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

4. பின்னால் நிற்கும் போடு

இதுவரை போடு முதன்மை வினையாக நின்ற இடங்களைப் பார்த்தோம். இன்னொரு வினைக்குப் பின்னால் வந்து துணையாக நிற்கும்போது அதன் தொழிலே வேறு. “தட்டை உடைச்சிட்டான்” என்பதையும் “தட்டை உடைச்சுப் போட்டான்” என்பதையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். முதல் வாக்கியம் நடந்ததைச் சொல்கிறது. இரண்டாவது, நடந்ததையும் சொல்லி, சொல்கிறவரின் மனக்குறையையும் சேர்த்துச் சொல்கிறது. தட்டு ஒன்றுதான், உடைந்ததும் ஒருமுறைதான். கூடுதலாக வந்தது பேசுகிறவரின் தீர்ப்பு.

மொழியியலாளர் இ. அண்ணாமலை தமிழில் வினைகள் இவ்வாறு நீள்வதைப் பற்றி 1985-இல் தனி நூலே எழுதினார். ஹெரால்ட் ஷிஃப்மன் 1999-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வெளியீடாக வந்த தம் பேச்சுத் தமிழ் இலக்கணத்தில், பேசுகிறவரின் மனப்பாங்கைக் காட்டும் துணைவினைகளை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். விடு முடிவைக் காட்டும். தொலை எரிச்சலைக் காட்டும். தள்ளு தங்குதடையற்ற வேகத்தைக் காட்டும். கொள் தனக்காகச் செய்வதைக் காட்டும். ‘படித்தான்’ என்ற ஒரு செய்தியைப் படித்துவிட்டான், படித்துத் தொலைத்தான், படித்துத் தள்ளினான், படித்துக்கொண்டான் என்று நான்கு உணர்ச்சிகளோடு சொல்ல முடிகிறது. ஆங்கிலத்தில் இதற்குக் குரலை ஏற்றி இறக்க வேண்டும், அல்லது தனியாக ஒரு அடைமொழி தேட வேண்டும். தமிழில் இதை இலக்கணமே செய்து தருகிறது.

இந்தத் துணைவினை வட்டாரத்துக்கு வட்டாரம் சாயல் மாறுகிறது. யாழ்ப்பாணத்தில் “படிச்சுப்போட்டு வாறன்” என்கிறார்கள். அங்கே எரிச்சலும் இல்லை, குறையும் இல்லை. படித்து முடித்துவிட்டு வருகிறேன் என்பது மட்டுமே பொருள். நாம் ‘விட்டு’ என்று வைக்கும் இடத்தில் அவர்கள் ‘போட்டு’ வைக்கிறார்கள். கொங்கு நாட்டிலும் இப்படிப்பட்ட வழக்கைக் கேட்கலாம். நம் வட்டாரத்தில் பெரியவர்கள் ‘போட்டுகினு’ என்று சொல்வது இன்றும் காதில் விழுகிறது. இந்த வடிவங்கள் அடுத்த தலைமுறையோடு கரைந்துபோகக்கூடியவை.

முன்னால் நிற்கும் ‘போட்டு’வின் திறமையையும் சொல்ல வேண்டும். போட்டுக்கொடுத்தான் என்றால் காட்டிக்கொடுத்தான். போட்டு வாங்கினான் என்றால் தந்திரமாகப் பேசி உண்மையை வரவழைத்தான். போட்டு உடைத்தான் என்றால் மறைத்து வைத்ததை எல்லார் முன்னாலும் சொன்னான். போட்டுக் குழப்பினான் என்றால் தெளிவாக இருந்ததைச் சிக்கலாக்கினான். இவற்றில் ஒன்றையாவது போடு, கொடு, வாங்கு, உடை என்ற சொற்களின் தனிப்பொருளைக் கூட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. இதைத்தான் ஆங்கில வகுப்பில் ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடு, ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள், ‘புட் அவுட்’ என்றால் தீயை அணை. ஆங்கிலத்தின் அந்தச் சின்னச் சொற்கள் செய்யும் வேலையை, தமிழில் நம் துணைவினைகளும் உருபுகளும் செய்கின்றன.

5. ஆங்கில வகுப்பறைக்கு ஒரு வழி

ஆங்கிலம் நம் பிள்ளைகளுக்கு வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அதைக் கற்கும் வழியில்தான் சிக்கல். ‘புட்’டின் இருபது கூட்டுச் சொற்களைப் பட்டியலாக்கி, எதிரே தமிழ்ப் பொருள் எழுதி, நாளைக்கு ஒப்பிக்கச் சொன்னால் பிள்ளை ஒப்பிக்கும். அடுத்த வாரம் மறந்துவிடும். தமிழிலிருந்து நேராகப் பெயர்த்து ‘ஐ புட் லீவ்’ என்றும், ‘புட் டூ டீ’ என்றும் பேசும். அந்தப் பிழையின் உள்ளே நல்ல அறிவு ஒன்று ஒளிந்திருக்கிறது. போடுவும் புட்டும் உறவுக்காரர்கள் என்று அந்தப் பிள்ளை யாரும் சொல்லாமலே கண்டுகொண்டிருக்கிறது. உறவு எங்கே முடிகிறது என்று மட்டும் அதற்குத் தெரியவில்லை.

அதைக் காட்டிக்கொடுப்பது எளிது. “புத்தகத்தை மேஜைமேல் வை” என்பதற்கும் “மேஜைமேல் போடு” என்பதற்கும் என்ன வேறுபாடு என்று கேளுங்கள். வைப்பதில் கவனம் உண்டு, போடுவதில் அது இல்லை என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்லும். ஆங்கில ‘புட்’டுக்கு இந்த வேறுபாடு கிடையாது, அது இரண்டையும் ஒன்றாக ஏற்கும் என்று அப்போது சொல்லலாம். அடுத்து, தமிழில் லீவைப் போடுகிறோம், ஆங்கிலத்தில் எடுக்கிறார்கள்; தமிழில் டீயைப் போடுகிறோம், ஆங்கிலத்தில் செய்கிறார்கள்; நாம் சட்டையைப் போடும்போது மட்டும் அவர்களும் ‘புட் ஆன்’ என்று போடுகிறார்கள் என்று காட்டலாம். தன் மொழியின் வினை எப்படி நடக்கிறது என்று அறிந்த பிள்ளை, பிற மொழியின் வினையைப் பயமில்லாமல் கவனிக்கும். மனப்பாடத்தால் வராத பிடிப்பு ஒப்பீட்டால் வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சில வினைகளைக் கொண்டே ஒரு மொழியை நடத்திவிடலாம் என்று ஆங்கிலத்தில் ஒருவர் செய்துகாட்ட முயன்றார். சி. கே. ஆக்டன் 1930-இல் ‘பேசிக் இங்கிலீஷ்’ என்ற 850 சொற்கள் கொண்ட எளிய ஆங்கிலத்தை வெளியிட்டார். அதில் வினைகள் பதினெட்டு மட்டுமே. ‘புட்’, ‘கெட்’, ‘கிவ்’, ‘டேக்’, ‘கோ’ போன்றவையே அவை. மற்ற வினைகள் செய்யும் வேலையை இவற்றோடு சின்னச் சொற்களைச் சேர்த்து முடித்துவிடலாம் என்பது அவருடைய திட்டம். தமிழர் அதை எந்தத் திட்டமும் இல்லாமல் தெருவில் செய்துகொண்டிருக்கிறார்கள்.

எப்படி என்று பாருங்கள். ஆங்கிலச் சொற்கள் ஆயிரக்கணக்கில் நம் பேச்சில் கலந்துவிட்டன. அதைப் பற்றிய கவலை எனக்கும் உண்டு. ஆனால் ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். ‘ட்ரை’ என்ற ஆங்கில வினை தமிழுக்குள் வந்தது. ஒரு தமிழராவது ‘ட்ரைத்தேன்’ என்றோ ‘ட்ரைவேன்’ என்றோ சொல்வதுண்டா? ‘ட்ரை பண்ணினேன்’ என்றுதான் சொல்கிறோம். ஆங்கில வினை வாசலிலேயே தன் வினைத்தன்மையைக் கழற்றி வைத்துவிட்டு, பெயர்போல உள்ளே வருகிறது. காலமும் இடமும் எண்ணும் பாலும் காட்டும் வேலையைப் ‘பண்ணு’வும் ‘போடு’வும் ‘அடி’யும் எடுத்துக்கொள்கின்றன. போன் பண்ணினான், ஸ்டேட்டஸ் போட்டான், மெயில் அடிச்சான். மலேசியத் தமிழரும் சிங்கப்பூர்த் தமிழரும் இதையேதான் செய்கிறார்கள். பெயர்ச்சொற்கள் எத்தனை வந்தாலும் வாக்கியத்தின் முதுகெலும்பு தமிழாகவே நிற்பதற்கு இந்தச் சில வினைகளே காரணம்.

6. நாம் செய்ய வேண்டியது

நூறாண்டாக நம் மொழிப்பணியின் பெரும்பகுதி பெயர்ச்சொற்களில் சென்றிருக்கிறது. பேருந்து, தொடர்வண்டி, கணினி, மின்னஞ்சல் என்று நல்ல கலைச்சொற்களை ஆக்கினோம். அந்த உழைப்பை நான் வணங்குகிறேன். வினைச்சொற்களுக்கு அதே அக்கறையைக் காட்டவில்லை.

நடந்த பணிகளையும் சொல்ல வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. 1939-இல் பின்னிணைப்பு வந்தது. ச. வையாபுரிப் பிள்ளை அதன் பதிப்பாசிரியராகப் பெரும்பகுதியை முடித்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட அந்த அகராதி இலக்கியத் தமிழின் பெட்டகம். இன்றைய தமிழுக்கு ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ 1992-இல் வந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியம் தந்தது அதன் சிறப்பு. க்ரியா எஸ். ராமகிருஷ்ணன் அதன் மூன்றாம் பதிப்பை நோய்ப்படுக்கையில் இருந்தபடி முடித்து, 2020 நவம்பர் 17 அன்று மறைந்தார். ஒரு மனிதர் தன் கடைசி மூச்சுவரை ஒரு மொழியின் சொற்களோடு இருந்திருக்கிறார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஷிஃப்மனும் வாசு ரங்கநாதனும் ஆங்கில வினைகளிலிருந்து தமிழ் வினைகளுக்குச் செல்லும் மின் அகராதி ஒன்றை உருவாக்கினார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஆங்கில வினைகளும், ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ் வினைகளும் அதில் உள்ளன. பேச்சு வடிவத்தையும் பதிவு செய்தார்கள்.

இந்தப் பணியைத் தொடர வேண்டியது நாம். அதற்குப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டாம். இங்கே கூடியிருப்பவர்களே தொடங்கலாம்.

முதலாவதாக, தமிழாசிரியர்கள் தங்கள் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒவ்வொரு மாணவரும் ஒரு வினையை எடுத்துக்கொள்ளட்டும். அடி, விடு, கட்டு, எடு, வை, பிடி, ஓடு என்று எதுவாகவும் இருக்கலாம். வீட்டிலும் கடையிலும் பேருந்திலும் கேட்ட வாக்கியங்களை, கேட்டது கேட்டபடி, யார் யாரிடம் எந்தச் சூழலில் சொன்னார் என்ற குறிப்போடு எழுதி வரட்டும். கேட்டதைத் திருத்த வேண்டாம். கொச்சை என்று ஒதுக்க வேண்டாம்.

இரண்டாவதாக, தொழிற்சாலைப் பேச்சைப் பதிவு செய்யுங்கள். ஒரகடத்து ஆலைகளில் விருதுநகர்ப் பிள்ளையும் விழுப்புரத்துப் பிள்ளையும் ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளியும் ஒன்றாக வேலை செய்கிறார்கள். அங்கே ஒரு புதிய தமிழ் உருவாகிக்கொண்டிருக்கிறது. வெல்டிங்கை ‘அடிக்கிறார்களா’, ‘வைக்கிறார்களா’, ‘போடுகிறார்களா’ என்பது எந்த அகராதியையும் விட அந்த லைனில் நிற்பவருக்குத்தான் தெரியும். அவர்தான் இந்த ஆய்வின் அறிஞர்.

மூன்றாவதாக, உழவு வினைகளை உடனே எழுதி வைத்துவிட வேண்டும். இதில் தாமதிக்க நேரமில்லை. படப்பையைச் சுற்றி ஏரிப் பாசனத்தில் பயிர் செய்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மடை திறப்பது, அண்டை வெட்டுவது, பரம்பு அடிப்பது, நாற்று விடுவது, களை எடுப்பது, கதிர் அடிப்பது, பொலி தூற்றுவது என்று ஒவ்வொரு வேலைக்கும் அவர்கள் தனி வினை வைத்திருக்கிறார்கள். போடு பிளாட்டுக்கு மாறிக்கொண்டு பிழைத்துவிட்டது. பொலி தூற்றும் வேலையே இல்லாமல் போனால், ‘தூற்று’வின் அந்தப் பொருளும் போய்விடும், பழி தூற்றுவது மட்டும் மிஞ்சும். நெல்லையும் பதரையும் பிரித்த ஒரு நல்ல வினை, அவதூறுக்கு மட்டும் உரியதாகிவிடக் கூடாது.

நான்காவதாக, ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் வாரத்தில் ஒரு பாடவேளையாவது ஒரே வகுப்பில் சேர்ந்து நிற்க வேண்டும். ஒருவர் ‘புட்’டை எழுதட்டும், மற்றவர் ‘போடு’வை எழுதட்டும். எங்கே இணைகின்றன, எங்கே பிரிகின்றன என்று பிள்ளைகள் சொல்லட்டும். இதற்கு அரசாணை வேண்டியதில்லை. தலைமையாசிரியரின் ஒப்புதலும் இரண்டு ஆசிரியர்களின் நட்பும் போதும்.

இப்படிச் சேரும் வாக்கியங்களைத் தொகுத்து, இந்த அறக்கட்டளையின் அடுத்த ஆண்டுச் சொற்பொழிவில் ‘படப்பை வட்டார வினைகள்’ என்று ஒரு சிறு நூலாக வெளியிட வேண்டும் என்று அமைப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதில் மாணவர்களின் பெயர்கள் தொகுப்பாளர்களாக இருக்க வேண்டும். இந்த வேலைக்கு என்னால் ஆன உழைப்பைத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். பெரிய அகராதிகள் எல்லாம் இப்படிச் சேர்ந்த சீட்டுகளிலிருந்துதான் எழுந்தன. ஆக்ஸ்போர்டு அகராதிக்கும் ஊர் ஊராக இருந்த சாதாரண வாசகர்கள்தான் சொற்களை எழுதி அனுப்பினார்கள்.

நாளைக் காலையில் வீட்டில் யாராவது ஏதாவது ஒன்றைப் ‘போடு’ என்று சொல்லும்போது ஒரு நொடி நின்று கேளுங்கள். எதை, யாருக்கு, எந்தத் தொனியில் என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் சீட்டு உங்கள் கையில் வந்துவிடும்.